நன்றி, மறுபடியும் வாங்க

"திங்கட்கிழமை திருடன் வந்தா யாரும்மா பிடிப்பா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடமே புதிது. கிழமைகளை வரிசையாகச் சொல்ல அப்போதுதான் கற்றிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்மா சீருடையைக் கழற்றி உதறி ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தாள். சனியும் ஞாயிறும் அம்மா போலீஸ். மற்ற ஐந்து நாளும் அம்மா செருப்புக் கடையில் விற்பனைக்காரி. ஆக, குழந்தையின் கணக்குப்படி வாரத்தில் ஐந்து நாள் ஊரில் போலீஸே கிடையாது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கைவிரலில் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே அவர்தான் பதில் சொன்னார். "திங்கட்கிழமை திருடனுக்கு லீவுடா கண்ணு. சனி ஞாயிறு வேலை பார்த்து அவனும் களைச்சுப் போயிருப்பான்ல?"

குழந்தை சமாதானமாகி விளையாடப் போய்விட்டாள். அம்மாவுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. குழந்தை வாயில் தெய்வம் பேசும் என்பார்கள். தெய்வம் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சும்மா தூங்கப் போவது எளிதல்ல. அன்றைக்கு விளக்கை அணைக்குமுன் கைகூப்பி நின்றவள், வழக்கமாகக் கேட்கும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சேர்த்தாள்: 'திங்கட்கிழமையும் எனக்குக் கொடு ஆண்டவனே.'

அவள் இருந்தது தன்னார்வக் காவல் படையில். சம்பளம் கிடையாது. பஸ் செலவு உண்டு, தேநீர் உண்டு, சீருடை உண்டு. சீருடையின் தோளில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். முழுநேரக் காவலர்களுக்கு அந்தப் பட்டை கிடையாது. தெருவில் போகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பட்டை போட்டவர்களுக்குத்தான் தெரியும், அதன் கனம். விளையாட்டு மைதானத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, தொலைந்துபோன பிள்ளையை அம்மாவிடம் சேர்ப்பது, குறுக்கே நிறுத்திய வண்டிக்காரரிடம் பாட்டு வாங்குவது, ஸ்டேஷன் வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் "என்ன விஷயம், சொல்லுங்க" என்பது, இவையெல்லாம் அவள் பார்த்த வேலைகள். எல்லாவற்றையும் முகம் கோணாமல் செய்தாள். கடையில் முப்பத்தாறு ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு "இன்னொரு நாள் வரேன்" என்று போகிறவர்களைப் பார்த்துப் பழகியவளுக்கு, பார்க்கிங் சண்டையெல்லாம் எந்த மூலைக்கு?

ஆனால் பழக்கம் என்பது பொல்லாதது. அது கைகொடுக்கவும் செய்யும், காலை வாரவும் செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது நடந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு தச்சர் குடித்துவிட்டு நடுரோட்டில் போக்குவரத்து விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, "நீ ஒருத்தன்தான்டா எனக்காக நிறம் மாறாதவன்" என்று அழுதிருக்கிறார். அவர் சொன்ன மாத்திரத்தில் அது மஞ்சளாகி, அப்புறம் சிவப்பாகியும் விட்டது. அதற்காக அதனோடு சண்டை பிடித்ததில் போக்குவரத்து நின்றுபோய், அவரைக் கூட்டிவந்து உள்ளே படுக்கவைத்திருந்தார்கள். காலையில் எச்சரித்து அனுப்ப வேண்டும். அவருடைய அளவு நாடா, பென்சில், சாவி, கைக்குட்டை எல்லாம் ஒரு தட்டில் இருந்தன. வாசல் மேசையில் இருந்த அவள், செருப்புப் பெட்டியை நீட்டுவதுபோல இரண்டு கையாலும் அந்தத் தட்டை நீட்டினாள். அவர் எடுத்துக்கொண்டார். அவள் லேசாகத் தலை சாய்த்துச் சொன்னாள்:

"நன்றி, மறுபடியும் வாங்க."



நம் பேச்சில் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். வழியனுப்புகிறவர்களும் 'போயிட்டு வாங்க' என்பார்கள். அந்த நல்ல வழக்கம் வாசலிலேயே நின்றுவிடும் இடங்கள் ஒன்றிரண்டுதான். ஆஸ்பத்திரி ஒன்று, போலீஸ் ஸ்டேஷன் இன்னொன்று. அங்கே யாரையும் வரச் சொல்லக் கூடாது. சொன்னால் சாபம்.

முதலில் சிரித்தது உள்ளே கம்பிக்குப் பின்னால் இருந்த ஒருவர்தான். பிறகு ஸ்டேஷனே சிரித்தது. இன்ஸ்பெக்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். நரைத்த மீசை, நரைக்காத குரல்.

"ஏம்மா, இது ஸ்டேஷனா, ஷோரூமா? அடுத்து என்ன, ரெண்டு தடவை உள்ள வந்தா மூணாவது தடவை இலவசமா?"

"வாய் தவறிடுச்சு சார்."

"வாய்க்கும் ஒரு சைஸ் பார்த்து எதையாவது போட்டு வைங்க."

அன்று முதல் அவளுக்குப் பெயர் 'மறுபடி அக்கா' ஆகிவிட்டது. வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறவர்கள்கூட எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் தானும் சேர்ந்து சிரித்துவிட்டாள். அதுதான் வழி.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த ஞாயிறு காலை தச்சர் வந்து வாசலில் நின்றார். குளித்து, தலைவாரி, சட்டைப் பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டு.

இன்ஸ்பெக்டர்தான் முதலில் பார்த்தார். "இப்ப என்ன பண்ணே?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல சார்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

தச்சர் மேசைப் பக்கம் கைகாட்டினார். "அவங்க வரச் சொன்னாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் கேலி செய்யவில்லை. வாங்க என்று ஒருவர் சொன்னார், வந்திருக்கிறார், அவ்வளவுதான். அப்படி வாங்க என்று சொல்ல யாரும் இல்லாத மனிதர் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. "வாங்க, உட்காருங்க" என்று பெஞ்சைக் காட்டி, தனக்கு வந்த தேநீரை அவருக்குக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்ததும் பெஞ்சு ஆடியது. அவர் குனிந்து அதன் காலைப் பார்த்தார். அதற்கடுத்த ஞாயிறு ஒரு சின்ன மரத்துண்டும் ஆணியுமாக வந்து அதைச் சரி செய்துவிட்டுப் போனார். அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தார். கால் மணி நேரம் உட்காருவார், தேநீர் குடிப்பார், போவார்.

"சனிக்கிழமை குடிச்சா ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து வர முடியல தாயி" என்றார் ஒருநாள். "அதனால சனிக்கிழமையை விட்டுட்டேன்."

"மத்த நாளு?"

"அவசரப்படாதீங்க. ஒவ்வொரு கிழமையா பார்ப்போம்."

இப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. தன்னார்வப் படையில் சில ஆண்டுகள் தொடர்ந்து பணிசெய்தவர்கள் முழுநேரக் காவலராக விண்ணப்பிக்கலாம். ஓட்டத் தேர்வு, பிறகு நேர்காணல், பிறகு பயிற்சி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு வரும் ஆண்டு நாற்பது முடிகிறது. இந்த முறை விட்டால் அந்தக் கதவு அவளுக்கு மூடியதுதான், தட்டினாலும் திறக்காது.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். ஷிப்ட் வேலை, பயிற்சிக் காலத்தில் விடுதியில் தங்க வேண்டும், மகளை யார் பார்ப்பது என்று தடைகளையும் அவளே அடுக்கினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் உள்ளயிருந்து ஒண்ணுதான் கேப்பாங்க, எப்பங்க திறப்பீங்கன்னு. திறந்தப்புறம் யாரும் உள்ளயே நின்னு யோசிச்சதை நான் பார்த்ததில்லை. நீ என்ன நின்னுக்கிட்டே இருக்கே?" என்றார்.

"சமையல்?"

"நான் பண்றேன். பாப்பா கொஞ்சம் இளைப்பா, வேறென்ன?"

கடை முதலாளிதான் கொஞ்ச நேரம் முகத்தைத் தொங்கப்போட்டார். "உன்னை நம்பித்தானே மேல் தட்டு முழுக்கச் சரக்கு அடுக்கியிருக்கேன்? சரி, நல்லா இரு. எனக்கு மட்டும் பார்க்கிங்ல அபராதம் போட்டுடாதே."

"கண்டிப்பா போடுவேன் முதலாளி."

"நன்றி கெட்டவளே" என்று சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. ஞாயித்துக்கிழமை வர்றது ஆசை. திங்கட்கிழமை வர்றதுதான் வேலை. அந்த நாள்ல மழை பெய்யும், தலை வலிக்கும், நேத்து திட்டினவனே இன்னைக்கும் திட்டுவான். அப்பவும் வரணும். வருவீங்களா?"

"வருவேன் சார்."

"நேர்காணல்ல யார்கிட்டயாவது அந்த வசனத்தைச் சொன்னீங்க, நான் உங்களைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

அதே ஸ்டேஷனிலிருந்து விண்ணப்பித்த இன்னொருவர் 'பன் அண்ணன்'. அவரும் தன்னார்வக்காரர்தான், அவளைவிடச் சில மாதம் மூத்தவர். பேக்கரியில் இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர் ரோந்து போகும் தெருவில் ரொட்டி வாசனை அவருக்கு முன்னால் போகும், பின்னால் நாய்கள் போகும். உடம்பும் பன் மாதிரியே உப்பலாக இருக்கும். இவர் எப்படி ஓடப்போகிறார் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். அவளும்தான் கவலைப்பட்டாள். அவரோ தேர்வன்று பந்து மாதிரி உருண்டு, துள்ளி, சிரித்துக்கொண்டே தேறிவிட்டார். தோற்றது அவள்.

அந்த ஓட்டம் ஒரு விசித்திரமான ஓட்டம். மைதானத்தில் எதிரெதிரே இரண்டு கோடு. ஒலிபெருக்கியில் 'பீப்' என்று கேட்கும். அடுத்த பீப்புக்குள் எதிர்க்கோட்டைத் தொட்டுவிட வேண்டும். முதலில் சாவகாசமாக வரும் பீப், போகப்போக விக்கல் மாதிரி இடைவெளி இல்லாமல் வரும். செருப்புக் கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறவள்தான் அவள், ஆனால் நிற்கிற கால் வேறு, ஓடுகிற கால் வேறு. கடைசிக் கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது பீப் ஒலித்துவிட்டது. மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஒன்றே ஒன்று.

மைதானத்து ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் பன் அண்ணன் வந்தார். "நாளைக்கு விடிஞ்சதும் இங்க வந்துடுங்க தங்கச்சி."

"எதுக்கு அண்ணே?"

"பன் சுட."

மறுநாள் அவர் பேக்கரியிலிருந்து நேராக வந்தார். புருவத்தில் மாவு. கையில் அடுப்பு டைமர், ரொட்டி வெந்ததும் பீப் பீப் என்று கத்துமே, அது. கோட்டின் ஓரத்தில் ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல் டைமரை வைத்துத் திருகினார்.

"இது வந்து பிஸ்கட். நிதானமா ஓடுங்க."

பீப்.

"இப்ப பன்."

பீப்.

"இனிமே வேஃபர். கருகிடும், கருகிடும், ஓடுங்க."

அவள் சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் கோடு தவறும். "சிரிக்க வைக்காதீங்க அண்ணே" என்று கெஞ்சுவாள். "திருடனும் சிரிக்க வச்சா விட்டுடுவீங்களா?" என்பார். அவரும் கூடவே ஓடினார், அவளுக்கு ஒரு எட்டு முன்னால், ஒருபோதும் இரண்டு எட்டு இல்லை. தினமும் வந்தார். ஒரு நாள்கூட அவர் கொட்டாவி விட்டு அவள் பார்த்ததில்லை. அதனால் அவர் எப்போதுதான் தூங்குகிறார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

அவருடைய மனைவி பிள்ளைக்கு ஷூ வாங்கக் கடைக்கு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் தரையில் மண்டியிட்டுப் பையனின் காலைப் பிடித்து ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்க அண்ணன் இப்பல்லாம் நின்னுக்கிட்டே தூங்குறார் தெரியுமா? நேத்து மாவு மூட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கார். எழுப்பினா, 'கருகிடும், ஓடுங்க தங்கச்சி'ங்கறார். மூட்டைகிட்ட."

"வீட்டுக்கு வந்து தூங்க மாட்டாரா அண்ணி?"

"விடிஞ்சு வந்து படுத்தா பத்து மணி வரைக்கும் தூங்குவார், அதுதான் அவர் ராத்திரி. இப்ப மைதானத்துலயிருந்து வர்றதுக்குள்ள பிள்ளைங்க எழுந்து வீடு சந்தை ஆயிடுது. அப்புறம் எங்க தூங்க? சாயங்காலம் மறுபடியும் அடுப்பு." அண்ணி குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "விடுங்க, நீங்க ஷூ நாடா கட்டத் தெரியாம முடிச்சுப் போட்டுட்டீங்க பாருங்க."

உண்மைதான். அவள் விரல் முடிச்சு போட்டுவிட்டது.

அடுத்த நாள் காலை அவள் கோட்டில் நின்றுகொண்டு ஓடாமல் கேட்டாள். "ஏன் அண்ணே சொல்லல?"

"என்னத்தை?"

"தூங்கவே இல்லையாமே."

அவர் டைமரைத் திருகிக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா? வந்திருக்க மாட்டீங்க. இங்க பாருங்க, பிஸ்கட் கருகுது" என்றார்.

ஓடினாள். அன்று அவள் ஓடியதுபோல ஒருநாளும் ஓடியதில்லை. உதவியை வாங்கிக்கொள்வதும் ஒரு தர்மம்தான், அதைக் கூச்சத்தால் கெடுத்துவிடக் கூடாது. கொடுத்தவர் மனம் குளிர வேண்டுமானால் வாங்கியவர் தேற வேண்டும். மாதக் கடைசியில் தேறினாள். கடைசி பீப் ஒலித்தபோது கோட்டைத் தாண்டி, பரிசோதகரின் நாற்காலியையும் தாண்டிப் போயிருந்தாள்.

நேர்காணலுக்கு ஸ்டேஷனே சேர்ந்து அவளைத் தயார்ப்படுத்தியது. 'விடுதலையாகிப் போகிறவரிடம் என்ன சொல்வீர்கள்' என்று கேட்டால், 'இனிமேல் சட்டத்தை மதித்து நடந்துகொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டரே உட்கார்ந்து பத்துத் தடவை சொல்லவைத்தார். தச்சரும் பெஞ்சிலிருந்து உதவினார். "என்னையே விடுவிக்கிற மாதிரி சொல்லிப் பாருங்க தாயி" என்று எழுந்து நின்று கைகட்டிக்கொண்டார்.

நேர்காணல் அறை நீளமானது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உயரதிகாரி, சிரித்து வெகுநாளான முகம். கேள்விகள் வந்தன, அவள் பதில் சொன்னாள். ஒருவன் கத்தினால் நீ கத்துவாயா? மாட்டேன், தணிந்து பேசுவேன், தணிந்து பேசினால் கேட்பதற்காகவாவது அவன் நிறுத்துவான். குடும்பச் சண்டை என்று கூப்பிட்டால் முதலில் என்ன பார்ப்பாய்? குழந்தை எங்கே என்று பார்ப்பேன். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கேள்வி முடிந்து உயரதிகாரி கோப்பை மூடினார். "சரி, நீங்க போகலாம்" என்றார்.

அவள் எழுந்தாள். தப்பித்தோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதிதான் வினை. பதினைந்து வருஷப் பழக்கம் அவளுக்கு முன்னால் வாய் திறந்தது. லேசாகத் தலையைச் சாய்த்து, மூவரையும் பார்த்துச் சொன்னாள்:

"நன்றி, மறுபடியும் வாங்க."

காதில் விழுந்த பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. தரை பிளக்குமா என்று பார்த்தாள். பிளக்கவில்லை. நல்ல கெட்டியான தரை.

"எங்களையா வரச் சொல்றீங்க?" என்றார் உயரதிகாரி.

"மன்னிக்கணும் மேடம். கடையில சொல்லிச் சொல்லி..."

"ஸ்டேஷன்ல யாரையோ விடுவிக்கும்போதும் இப்படிச் சொன்னதா கேள்விப்பட்டேன்."

மறைக்க என்ன இருக்கிறது? "ஆமா மேடம்."

"அவர் என்ன பண்ணார்?"

"வந்தார் மேடம்."

"வந்து?"

"டீ குடிச்சார். பெஞ்சு ஆடிச்சு, சரி பண்ணிக் கொடுத்தார். இப்பவும் ஞாயித்துக்கிழமை வர்றார். சனிக்கிழமையும் செவ்வாக்கிழமையும் குடிக்கறதில்லை. வியாழக்கிழமையைப் பத்திப் பேசிட்டிருக்கோம்."

ஓரத்தில் இருந்தவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். உயரதிகாரி அசையவில்லை. "உட்காருங்க. அப்ப, இனிமே ஒருத்தரை விடுவிக்கும்போது என்ன சொல்வீங்க?"

பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். தச்சர் தலைவாரிக்கொண்டு வாசலில் வந்து நின்ற காலை கண்முன் வந்தது.

"தெரியல மேடம்" என்றாள். "ஸ்டேஷனுக்கு வர்ற எல்லாரையும் யாராவது பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க. இல்லன்னா ஏதாவது கஷ்டம் கூட்டிட்டு வருது. வாங்கன்னு சொன்னதுக்காக வந்தவர் அவர் ஒருத்தர்தான். தப்பாத்தான் சொன்னேன். ஆனா அது தப்புன்னு இப்ப சொல்ல எனக்கு மனசு வரல."

உயரதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "போயிட்டு வாங்க."

அவள் வணக்கம் சொல்லி வெளியே வந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கினாள். பாதிப்படியில் கால் நின்றது. முதலில் 'போகலாம்' என்றவர், இரண்டாம் முறை என்ன சொன்னார்?

முடிவை இன்ஸ்பெக்டர்தான் சொன்னார். சாதாரணமாக அறையைவிட்டு வராதவர் வாசல் மேசை வரை நடந்து வந்தார். "நீங்க ரெண்டு பேரும் தேறிட்டீங்க. பன் அண்ணனும்தான். திங்கட்கிழமை பயிற்சிப் பள்ளியில சேரணும்" என்றவர், குரலைத் தாழ்த்திச் சேர்த்தார்: "அங்கயும் போய் அதைச் சொன்னீங்களாமே. நான் எவ்வளவு சொல்லிக் கொடுத்தேன்."

"வாய் தவறிடுச்சு சார்."

"நல்ல வாய்" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டார்.

பயிற்சிப் பள்ளியில் புதுச் சீருடை கொடுத்தார்கள். தோளில் பட்டை இல்லாத சீருடை. அவள் அந்த வெற்றுத் தோளைத் தடவித் தடவிப் பார்த்தாள். கூடவே புது பூட்ஸும் கொடுத்தார்கள், கல்லில் செய்ததுபோல ஒன்று. முதல் வாரத்தில் எல்லோருக்கும் கொப்புளம். இரண்டாம் வாரத்தில் எல்லோருக்கும் ஆறிவிட்டது, பன் அண்ணனுக்குத் தவிர. அவர் அணிவகுப்பில் சிரித்துக்கொண்டேதான் நடந்தார். ஆனால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், அவள் பார்த்தது காலை. பாதத்தின் வெளிஓரத்தில் ஊன்றி நடந்துகொண்டிருந்தார். வருஷக்கணக்காக அடுப்பு முன்னால் நின்று அகன்ற பாதம். அந்தப் பூட்ஸின் அகலத்துக்குள் அது அடங்காது. இடது குதிகால் தையலில் உரசுகிறது.

"என்ன அண்ணே கால்?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. பூட்ஸு புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கா இருக்கு. போகப்போக இறங்கி வரும்."

"பெரிசா வேற கேட்டு வாங்கலாமே?"

"இதுக்கு மேல பெரிசு இங்க இல்லையாம். மருத்துவரைப் பார்க்கச் சொன்னாங்க. பார்த்தா ஓய்வு எழுதிடுவார்." ஓய்வு கேட்டு அதிக நாள் பயிற்சியை விட்டவர்களை அடுத்த முறை சேரும் அணிக்குத் தள்ளிவிடுவார்கள். அவர் வயதுக்கு அடுத்த அணி என்று ஒன்று கிடையாது. "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று சொல்லிப் போய்விட்டார். வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர். கொடுக்க மட்டும்தான் தெரியும்.

அந்த ஞாயிறு வீட்டுக்குப் போனவள், கடைக்குப் போய் முதலாளியிடம் பூட்ஸை விரிக்கும் மரக்கட்டை ஒரு ஜோடி இரவல் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். ஒரு வேலை இருக்கிறது என்றாள். மேசை டிராயரில் கிடந்த மெல்லிய ஆட்டுத்தோல் துண்டையும், பசையையும், மெழுகையும் அவரே கூடச் சேர்த்துக் கொடுத்தார்.

பயிற்சிப் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு. விடியுமுன் எழுந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொர்க்கம். தாழ்வாரத்துத் தட்டுகளில் பூட்ஸைக் கழற்றி அடுக்கிவிட்டு, ஆண்கள் ஒருபக்கமும் பெண்கள் ஒருபக்கமும் போய் விழுவார்கள். விழுந்த மறுகணம் குறட்டை. திங்கட்கிழமை மதியம் அவள் மட்டும் படுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். எந்தப் பூட்ஸ் அவருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை, தேய்ந்த விதமே சொன்னது. தரையில் மண்டியிட்டு அமர்ந்தாள். ஈரத்துணியால் உள்தோலைத் துடைத்து, மரக்கட்டையை நுழைத்து, திருகைக் கொஞ்சமாக இறுக்கினாள். தோலை அவசரப்படுத்தக் கூடாது, அதுவும் மனிதரைப் போலத்தான். மணி அடிக்கும் முன் கட்டையை உருவிவிட்டுப் பூட்ஸைப் பழையபடி வைத்தாள். செவ்வாயும் வந்தாள். புதனும் வந்தாள். ஒவ்வொரு நாளும் திருகு ஒரு நூல் கூடியது. பிற்பகல் வகுப்பில் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு எழுதினாள்.

"மாப்பிள்ளை இறங்கி வர்றார் தங்கச்சி" என்று பன் அண்ணன் ஒருநாள் காலை பூட்ஸைத் தட்டிக் காட்டினார். "நான் சொல்லல?"

"நீங்க சொன்னா சரியாத்தான் அண்ணே இருக்கும்."

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி வேலை மிச்சம் இருந்தது. ஆட்டுத்தோலைக் குதிகாலின் வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தைக் கத்தியால் மெலிதாகச் சீவி, உள்ளே தையல் மறையும்படி ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ தூக்கத்தில் புரண்டார்கள். பசை பிடித்ததும் விரலை உள்ளே விட்டு மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை. மெழுகைத் தேய்த்து, தூசி துடைத்து, நாடாவை அவர் கட்டுகிற அதே கோணலான முறையில் கோத்து, தட்டில் முன்பு இருந்தபடியே, இடது பூட்ஸ் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும்படி வைத்தாள். தோல் சீவல்களை ஒன்றுவிடாமல் உள்ளங்கையில் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். பிறகு வெறுங்காலோடு நடந்துபோய், தன் கட்டிலில் படுத்து, மணி அடிக்க மிச்சமிருந்த சிறிது நேரத்துக்குக் கண்ணை மூடினாள்.